கஞ்சா மருந்து, ஊனச் சான்றிதழ், மதுரை அலைச்சல்: எம்.எல்.ஏ. முன்னால் இரண்டு நிமிடம் கிடைத்தால் எதைக் கேட்பது?

பாம்பன்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். அக்கா மகனுக்கு 9 வயது, ஒன்றரை வயதிலிருந்து வலிப்பு. டாக்டர் சீட்டில் லென்னாக்ஸ் காஸ்டோ என்று எழுதியிருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "அந்தப் பெரிய பேரு". நின்றுகொண்டிருக்கும் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் முகம் குப்புற விழுவான். இரண்டு பல் போய்விட்டது. மாமா கடலுக்குப் போட்டுப் போன பழைய லைஃப் ஜாக்கெட்டைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை ஒரு தொப்பியில் வைத்து அக்கா தைத்திருக்கிறாள். தூங்கும் நேரம் தவிர அந்த ஆரஞ்சுத் தொப்பி அவன் தலையில்தான்.

வால்ப்ரோயேட், குளோபாசம், லெவெடிரசெட்டம் என்று மூன்று மருந்து ஓடுகிறது. மூன்றும் சேர்ந்தும் நிற்கவில்லை. மாதம் ஒருமுறை மதுரை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபம் போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது, அந்த இரண்டு வருடம் அக்கா பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் பத்தாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினான். அந்த ஊர் நாடாளுமன்றத்தில் சின்ன வயதுப் பெண் எம்.பி. ஒருவர் நோயாளிகளுக்குக் கஞ்சா மருந்து கிடைக்க வேண்டும், ஆஸ்பத்திரி சரியாக இருக்க வேண்டும், ஊனமுற்றோருக்கு உதவி கூட வேண்டும் என்று பேசிப் பேசி வாதாடியிருக்கிறாராம். இந்த வகை வலிப்புக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து ஒன்று இருக்கிறது என்பதும் அதில்தான் தெரிந்தது. நம் எம்.எல்.ஏ. அடுத்த வாரம் இங்கே ஒரு சமுதாயக் கூடத்துக்கு வருகிறார், மனு கொடுக்க இரண்டு நிமிடம் கிடைக்கும் என்கிறார்கள். அவரிடம் இதைக் கேட்கலாமா? கேட்டால் அவரால் ஏதாவது செய்ய முடியுமா?

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தெருவில் ஒரு அண்ணன், "எம்.எல்.ஏ. எல்லாம் எதுக்கு, எண்ணெயா காய்ச்சி நானே தர்றேன்" என்கிறார். அக்காவுக்கு ஆசை. எனக்குப் பயம்.

---

தொண்டிக்காரன் எழுதியது:

நான் வெலிங்டனில் 11 வருடமாக இருக்கிறேன், அந்த எம்.பி. யாரென்று தெரிகிறது. கிரீன் கட்சியின் க்ளோயி ஸ்வார்ப்ரிக். 2017-ல் நாடாளுமன்றத்துக்குள் வரும்போது வயது 23.

ஆனால் தங்கச்சி, முழுக் கதையையும் கேட்டுவிட்டு மனு எழுதுங்கள். கஞ்சா மருந்து மசோதாவை முதலில் கொண்டுவந்தது அதே கட்சியின் ஜூலி ஆன் ஜென்டர், அவர் அமைச்சரானதும் அது ஸ்வார்ப்ரிக் கைக்கு வந்தது. இங்கே தனி உறுப்பினர்களின் மசோதாக்களில் எதை எடுப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள், சீட்டுப் போடுவது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமான பிஸ்கட் டப்பா. நாட்பட்ட கொடிய நோய் உள்ளவர்கள் டாக்டர் ஒப்புதலோடு வீட்டிலேயே செடி வளர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அந்த மசோதா. 2018 ஜனவரி 31-ல் 73-க்கு 47 என்று தோற்றது.

தோற்றதோடு முடியவில்லை. அரசே கொண்டுவந்த, இன்னும் அடக்கமான ஒரு மசோதா அதே வருடம் டிசம்பரில் நிறைவேறியது, 2020 ஏப்ரலில் முறையாக மருந்துத் திட்டம் வந்தது. டாக்டர் சீட்டு, தர நிர்ணயம், உரிமம் எல்லாம் அதில் உண்டு. 2020-ல் பொழுதுபோக்குக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று நாட்டையே ஓட்டுப் போடச் சொன்னார்கள், 50.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மருந்து வேறு, புகை வேறு என்று மக்கள் பிரித்துப் பார்த்தார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பிரிவினைதான்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். சட்டம் வந்துவிட்டது, ஆனால் பெரும்பாலானவர்கள் சொந்தக் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். கிடைக்கிறது என்பதும் வாங்க முடிகிறது என்பதும் ஒன்றில்லை.

---

கோர்ட்டுவாசல் எழுதியது:

நான் ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீல். போதைப்பொருள் வழக்குகள் நிறையப் பார்க்கிறேன், நம் கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

முதலில் அந்தத் தெரு அண்ணன். வேண்டாம். 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் "சிறிய அளவு" என்று பிடித்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. கஞ்சா இலை பூவாக இருந்தால் ஒரு கிலோ வரை சிறிய அளவு, பிசினாக எடுத்தால் 100 கிராமோடு அந்தச் சலுகை நின்றுவிடும். உங்கள் அக்கா மருந்துக்காகத்தான் வைத்திருந்தார் என்பதை செக்போஸ்ட்டில் நிற்கும் போலீஸ்காரர் முடிவு செய்ய மாட்டார், மாதக்கணக்கில் அலைந்து ஜட்ஜ் முன்னால்தான் சொல்ல முடியும். அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது?

இப்போது எம்.எல்.ஏ. இது மத்திய சட்டம், அதை அவர் மாற்ற முடியாது. ஆனால் "மாநிலத்துக்கு இதில் வேலையே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 8-ம் பிரிவு எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 10-ம் பிரிவு கஞ்சா பயிரிடுவதை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று மருந்துக்காகவே கஞ்சா வளர்த்து ஆராய்ச்சி செய்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது, எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எதிர்த்தவை 25. ஆக, தொடவே கூடாத பேச்சு ஒன்றுமில்லை இது.

எம்.பி.யிடம் போனால்? கேள்வி நேரத்தில் எழுத்துக் கேள்வி போடலாம், பூஜ்ய நேரத்தில் பேசலாம், தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவருவது) கொண்டுவரலாம். பாட்டியாலா எம்.பி. தரம்வீர காந்தி, இதய நோய் டாக்டர், இந்தச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதாவோடு மன்றாடினார். அவர் கேட்டது மருந்தைவிட அகலமான விஷயம் என்பது வேறு. தனிநபர் மசோதா இங்கே சட்டமாவது அபூர்வத்திலும் அபூர்வம், இரண்டு அவையும் தாண்டியது 1970-க்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை. நம் திருச்சி சிவா 2015-ல் திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டினார், அது மக்களவையில் ஏறவில்லை. ஆனாலும் அதற்கு அப்புறம்தான் அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. தொண்டிக்காரர் சொன்ன நியூசிலாந்துக் கதை மாதிரியேதான். தோற்கிற மசோதாவுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அது அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்கு மருந்து கொண்டுவராது.

ஊனமுற்றோர் நிவாரணம், பொது சுகாதாரம், ஆஸ்பத்திரி மூன்றும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. எம்.எல்.ஏ.வை அங்கே பிடியுங்கள்.

---

வலைக்காரன்77 எழுதியது:

நல்லா இருக்கு போங்க. ஏற்கெனவே பள்ளிக்கூடத்துப் பசங்க கெட்டுச் சீரழியுறாங்க, இப்ப எம்.எல்.ஏ. கிட்ட கஞ்சா கேட்டு மனுவா? பிடிபடுற மூட்டையைப் பத்தி பேப்பர்ல வராத மாசம் உண்டா?

---

பாம்பன்காற்று எழுதியது:

அண்ணன், உங்கள் கோபம் புரிகிறது, எங்கள் தெருவிலும் அந்தக் கூத்து நடக்கிறது. நான் கேட்பது புகையை இல்லை. பிள்ளை விழாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

கீழக்கரை_லாத்தா எழுதியது:

இந்தத் திரியை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற நர்ஸ், கடைசி எட்டு வருடம் வலி நிவாரணப் பிரிவில். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளே, உன் அக்கா மகனுக்குச் சொல்லப்படுகிற மருந்து சி.பி.டி. (கன்னபிடியால்). கஞ்சாவில் போதை தருவது வேறு ஒரு பொருள், சி.பி.டி. போதை தராது. அதைச் சுத்தமாகப் பிரித்து எடுத்து, ஒவ்வொரு மில்லியிலும் இத்தனை மில்லிகிராம் என்று அளந்து செய்த சிரப்புக்கு அமெரிக்காவில் 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது, லென்னாக்ஸ் காஸ்டோவுக்கும் டிராவே என்கிற இன்னொரு வலிப்பு வகைக்கும். சோதனையில் விழுகிற வலிப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது, மருந்தே இல்லாத சிரப் குடித்தவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்தது. ஆக, நல்ல மருந்து, மந்திரம் இல்லை. பத்துத் தடவை விழுகிற பிள்ளை ஆறு தடவை விழலாம். அதுவும் ஒரு தாய்க்குப் பெரிசுதான். விலை? வந்த புதிதில் வருடத்துக்கு 32,500 டாலர்.

தெரு எண்ணெயில் என்ன இருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. போதைப் பொருள்தான் அதிகம் இருக்கும், வளர்கிற மூளைக்கு அது ஆகாது. இன்னொன்றும் கேள். அவன் வால்ப்ரோயேட் குடிக்கிறான், அதோடு சி.பி.டி. சேர்ந்தால் ஈரலுக்குச் சோதனை, ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோபாசத்தோடு சேர்ந்தால் பிள்ளை தூங்கித் தூங்கி வழிவான். நல்ல மருந்தையே இப்படிக் காவல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த அண்ணன் எண்ணெயை என்ன சொல்ல? சித்த மருந்தில் கஞ்சா இல்லையா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இருக்கிறது, மருந்துச் சட்டத்தின் இ1 அட்டவணையில், மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டிய நச்சுப் பொருள்களோடு கஞ்சாவும் இருக்கிறது. இந்த வலிப்புக்கு அதை யாரும் சோதித்துக் காட்டவில்லை.

இப்போது சட்டம் பற்றி நான் கண்ணால் பார்த்தது ஒன்று. மார்ஃபின் தெரியும்தானே, புற்றுநோய் வலிக்கு. அதுவும் இதே 1985 சட்டத்துக்குள்தான். சட்டம் வந்ததும் ஒவ்வொரு மாநிலத்திலும் நாலைந்து லைசென்ஸ், ஒன்று காலாவதியானால் இன்னொன்று செல்லாது, ஆஸ்பத்திரிகள் அந்த மருந்தைத் தொடுவதையே விட்டுவிட்டன. அபின் விளைவித்து உலகத்துக்கே அனுப்பும் நாட்டில் நம் ஆட்கள் வலியில் கத்திக்கொண்டு செத்தார்கள். கேரளாவில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் டெல்லிக்கு நடந்தார்கள், 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்பட 6 மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி. சந்தோஷமா? சரி. அதற்கு அப்புறமும் ஒரு பெரியவர், வாய்ப் புற்றுநோய், ஏர்வாடிப் பக்கத்து ஆள், ஒரு ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை கேட்டபோது, "அது போதை மருந்து, நம்மகிட்ட இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மகன் அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்தபோது சீட்டு நனைந்திருந்தது, பையனுக்கு அழுகை தாங்கவில்லை. சட்டம் மாறி வருடங்கள் ஆகியிருந்தன. கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு அது போய்ச் சேரவில்லை.

அதனால் சொல்கிறேன், எம்.எல்.ஏ.விடம் கஞ்சா என்ற சொல்லோடு ஆரம்பிக்காதே. அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் நிற்கிற பி.ஏ. மனுவை மடித்துவிடுவார், வலைக்காரத் தம்பி இங்கே செய்த மாதிரி. (தம்பி, கோபித்துக்கொள்ளாதே.) கைக்கு எட்டுவதைக் கேள். 2022-லேயே ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாதம் ஒரு நாளாவது குழந்தைகள் நரம்பியல் டாக்டர் மதுரையிலிருந்து அங்கே வந்து உட்காரட்டும், 170 கிலோமீட்டர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, வலிப்பு மருந்தையும் தீவில் இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கட்டும். ஏன் சொல்கிறேன் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் வீட்டில் காசு இருக்காது. அப்போதுதான் தாய்மார் சிரப்பை அரை மூடி, கால் மூடி என்று இழுத்துப் பிடிப்பார்கள், அந்த மாதங்களில்தான் வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. உன் அக்காவையும் கேட்டுப் பார், உண்மையைச் சொல்வாள்.

மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்கி வை. ஐந்து நிமிடம் தாண்டினால் அதுதான் உயிர். கையில் இரும்புச் சாவி கொடுக்கிற வேலை எல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

அடுத்து சான்றிதழ். 2016 சட்டத்தில் 21 வகை ஊனம் இருக்கிறது, அதில் வலிப்பு என்ற பெயர் தனியாக இல்லை. அவனுக்கு அறிவுசார் குறைபாடும் இருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும். ஊனம் 40 சதவீதம் என்று வந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதலாம், அதை 2023-ல் 1,500-லிருந்து 2,000 ஆக்கினார்கள். நிராமயா இன்சூரன்ஸ் என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று, வருடம் ஒரு லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவுக்கும் உண்டு. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. முகாமைத் தீவிலேயே போடச் சொல்லிக் கேள்.

ஏர்வாடியை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். 2001 ஆகஸ்ட் 6, அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் வெந்து போனார்கள். அன்றைக்குச் சுத்துப்பட்டு ஊரே அழுதது. சங்கிலி கூடாது என்று நாடாளுமன்றம் சட்டத்திலேயே தெளிவாக எழுதியது 2017-ல்.

---

மூக்கையூர்_அப்பா எழுதியது:

லாத்தா சொன்னதுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. என் மகளுக்கு மூளை முடக்குவாதம். நான் இரண்டு தடவை மனு கொடுத்தவன். முதல் தடவை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது தடவை ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, சக்கர நாற்காலி. வந்துவிட்டது. நகல் எடுத்துக்கொண்டு போங்கள், நகலில் அவர் அலுவலக ஆளிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அதே மனுவைத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் கொடுத்துப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். எண் இல்லாத மனு காகிதம். இதே மாதிரிப் பிள்ளை உள்ள நாலு வீட்டுக் கையெழுத்தும் சேர்ந்தால் நல்லது, தனி ஆளுக்குத் தருவதைவிட ஊருக்குத் தருவது அவர்களுக்குச் சுலபம்.

---

கோர்ட்டுவாசல் எழுதியது:

லாத்தா சொன்ன வரிசை சரி. கஞ்சா மருந்துப் பேச்சை எம்.பி.க்குத் தனிக் கடிதமாக எழுதுங்கள், மனுவோடு கலக்காதீர்கள். அதிலும் "கஞ்சாவை அனுமதிக்க" என்று எழுத வேண்டாம். "வலிப்பு நோய்க்கான சி.பி.டி. மருந்து இந்தியக் குழந்தைகளுக்கு எப்போது, என்ன விலையில் கிடைக்கும்" என்று சுகாதார அமைச்சரை அவர் கேட்கட்டும். எழுத்துக் கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அந்தப் பதில் நமக்கு ஒரு ஆவணம். ஒரு மருந்து இங்கே கிடைக்காவிட்டால் தனி ஆள் உபயோகத்துக்கு அதை வரவழைக்க மருந்து விதிகளில் படிவம் 12ஏ என்று ஒரு வழி உண்டு. கஞ்சாச் செடிச் சங்கதி என்பதால் டாக்டரும் வக்கீலும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம், கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்வீர்கள். கடிதம் எழுதியதும் இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன், ஃபீஸ் கிடையாது.

---

பாம்பன்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் கேட்டேன் லாத்தா. தடைக்காலத்தில் மூடி குறைத்தது உண்மைதானாம், போன மே மாதம் கடைசியில். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

தெரு அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒரு பக்கத்தில் எழுதிவிட்டேன்: மாதம் ஒரு நாள் ராமநாதபுரத்தில் நரம்பியல் டாக்டர், மூன்று மாத மருந்து ஒரே தடவையில், தீவில் சான்றிதழ் முகாம். மூக்கையூர் அண்ணன் ஒன்றுதான் கேட்கச் சொன்னார், எனக்கு மூன்றையும் விட மனசில்லை. பாம்பனிலும் அக்காமடத்திலும் இதே வியாதியோடு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களாம், நாளைக்குக் கையெழுத்துக்குப் போகிறேன்.

பிள்ளையையும் கூட்டிப் போகலாமா, வேண்டாமா?

---

கீழக்கரை_லாத்தா எழுதியது:

கூட்டிப் போ. காலை மருந்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட வைத்து, ஸ்ப்ரேயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போ. ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் உட்காராதே, கூட்டம் வேர்த்து வழியும், வாசல் பக்கமாக இரு. தொப்பியைக் கழற்றிவிடாதே.

மூன்றில் மருந்தை முதலில் எழுது. டாக்டர் வர ஆறு மாதம் ஆகும்.

---

வலைக்காரன்77 எழுதியது:

சமுதாயக் கூடத்துக்கு எந்தக் கிழமை? அக்காமடத்துல அந்த வீடு எனக்குத் தெரியும், எங்க போட்டுல வர்ற ஆளோட பிள்ளைதான். கையெழுத்து நான் வாங்கித் தர்றேன்.